காம்பில் தொங்கும் சதை

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னச் சதையைப் பற்றிப் பேசிவிடலாம். லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, “கர்ப்பப்பை வாயில பாலிப் இருக்கும்மா, எடுத்துடலாம்” என்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் பாலிப் கட்டியாகிறது, கட்டி புற்றுநோயாகிறது, கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்களோ என்பதுவரை பேச்சு போய்விடுகிறது.

கர்ப்பப்பை கீழே குறுகி, பிறப்புறுப்பின் உட்பக்கத்தில் வந்து முடியும் இடம்தான் கர்ப்பப்பை வாய். நடுவில் ஒரு குறுகலான பாதை. அதன் உள்தோல் ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக வளர்ந்து, மெல்லிய காம்போடு வெளியே தொங்கினால் அது பாலிப். செக்கச்செவேலென்று மிருதுவாக இருக்கும். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றித்தான் அளவு. குழந்தை பெற்ற, நாற்பது ஐம்பது வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. நாள்பட்ட அழற்சியும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறு எதற்கோ பரிசோதிக்கும்போது கண்ணில் படும். மேல்தோல் மெல்லியது என்பதால் தொட்டாலே கசியும். அதனால் சிலருக்குத் தாம்பத்திய உறவுக்குப் பிறகோ, இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவிலோ ரத்தம் படும். வெள்ளைப்படுதலும் கூடலாம்.

இப்போது அந்தப் புற்றுநோய்ப் பயத்துக்கு வருவோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்று நீங்காமல் தங்கி, செல்களைப் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல மாற்றுவதால் வருவது. பாலிப் அந்த வழியில் வருவதில்லை. நூறு பாலிப்களை எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே தீங்கில்லாதவைதான். அப்படியானால் எடுத்ததை எதற்கு லேபுக்கு அனுப்புகிறார்கள்? சந்தேகப்பட்டு அல்ல, உடம்பிலிருந்து எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறுதிசெய்துகொள்வது மருத்துவ வழக்கம். ‘பயாப்ஸி’ என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

இதே குழப்பத்துக்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் எனக்குக் கூடுதல் கவலை. பாலிப்பை எடுத்தாயிற்று, இனிப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று இருந்துவிடுவார்கள். பேப் ஸ்மியர், எச்.பி.வி. டெஸ்ட் எல்லாம் தனி. உரிய காலத்தில் செய்தே ஆக வேண்டும். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால், பழியைப் பாலிப் மேல் மட்டும் போடாமல் கர்ப்பப்பையின் உட்புறத்தையும் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

எடுப்பது எப்படி? மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்வார்கள். ஸ்பெகுலம் என்ற கருவியால் பிறப்புறுப்பை விரித்து, கர்ப்பப்பை வாயைப் பார்த்து, இடுக்கியால் பாலிப்பைப் பிடித்து, கொய்யாக்காயைக் காம்போடு திருகிப் பறிப்பதுபோலத் திருகி எடுப்பார்கள். திருகத் திருகக் காம்புக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொண்டு அடைபடும். ரத்தம் குறைவாகவே வரும். மிச்சக் கசிவு இருந்தால் சில்வர் நைட்ரேட் தடவுவார்கள், அல்லது லேசாகச் சுடுவார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. அடிவயிற்றில் மாதவிடாய் வலிபோல ஒரு இழுப்பு இருக்கும், அவ்வளவுதான். அடிப்பகுதி அகலமாகவோ பாதைக்குள் உயரத்திலோ இருந்தால் மட்டும், மயக்கம் கொடுத்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுப்பார்கள். கர்ப்பிணி என்றால், தொந்தரவு இல்லாதவரை பெரும்பாலும் விட்டுவைப்பார்கள்.

அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஓரிரு நாள் லேசாக ரத்தம் படும். மருந்து தடவியிருந்தால் பழுப்பாகவோ கறுப்பாகவோ கசியும், பயப்பட வேண்டாம். டாக்டர் சொல்லும் நாள்வரை தாம்பத்திய உறவைத் தள்ளிவையுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கசிவில் துர்நாற்றம் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். பாலிப் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்பது அந்த ரிப்போர்ட்டைத்தான்.