திரையோரத்து ஒளி: குறையா, மனக்குறையா?

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் பொருட்டுப் பள்ளிகள் அடைக்கப்பட்டு, பாடங்கள் இணையவழிக்கு மாறின. அப்போதுதான் டேப்லெட் எனப்படும் பலகைக் கணினி நம் பங்குகளின் எளிய குடும்பங்களிலும் நுழைந்தது. பள்ளிகள் திறந்த பின்னும் அது வெளியேறவில்லை. பிள்ளைகளின் பாடமும், முதியோர் காணும் திருப்பலியும், கடல்கடந்து உழைக்கும் தந்தையின் முகமும் இன்று அத்திரையில்தான் தோன்றுகின்றன. தவணை கட்டியும் சீட்டுப் பணம் எடுத்தும் வாங்கிய பொருள் அது. ஆதலின் அதில் ஒரு சிறு மாசு தென்பட்டாலும் இல்லத்தார் மனம் பதைப்பது இயல்பே.

அத்தகைய மாசு ஒன்றைப் பற்றிப் பல குடும்பங்கள் நம்மிடம் வினவுகின்றன. புதிய டேப்லெட்டை இரவில் விளக்கணைத்துப் பார்க்கிறார்கள். திரை முழுவதும் கருமையாகும் வேளையில் அதன் ஒரு மூலையிலோ ஓரத்திலோ வெளிறிய ஒளி கசிகிறது. கதவிடுக்கில் அடுத்த அறையின் விளக்கொளி தெரிவதுபோல் அது காட்சியளிக்கிறது. "ஏமாந்துவிட்டோமோ?" என்னும் ஐயம் அப்போதே பிறக்கிறது. கடைக்காரரோ, "எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். இவ்விருவரில் யார் சொல்வது சரி?

விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். அந்த ஒளி உண்மையானது, கண்ணின் மயக்கமன்று. ஆயினும் பெரும்பாலான வேளைகளில் அது பழுதும் அன்று. சில வேளைகளில் அது பழுதே. மிகச் சில வேளைகளில் அது ஆபத்தின் அறிகுறி. இம்மூன்றையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், வீண் செலவையும் வீண் மனத்தாபத்தையும் தவிர்க்கலாம்.

ஒளி எங்கிருந்து வருகிறது?

நம் பழைய ஆலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் தீட்டப்பெற்ற புனிதர்களுக்குத் தம்மொளி இல்லை. பின்னாலிருந்து கதிரவன் ஒளி வீசுவதால்தான் அவர்கள் சுடர்கிறார்கள். பெரும்பாலான டேப்லெட்டுகளின் திரையும் அத்தகையதே. திரையின் ஓரத்தில் நுண்ணிய எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒளியைப் பரப்பும் மெல்லிய தகடொன்று அவ்வொளியைத் திரையின் பின்புறம் முழுவதும் பரவச் செய்கிறது. இதனையே பின்னொளி என்கிறோம்.

அப்பின்னொளிக்கு முன்னால், போலரைசர் எனப்படும் இரு வடிகட்டித் தகடுகளும், அவற்றின் நடுவே திரவப் படிகம் என்னும் பொருளும் உள்ளன. 1888-ஆம் ஆண்டு பிராகு நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவரவியல் அறிஞர், திரவம்போல் ஓடினும் படிகம்போல் ஒளியைக் கையாளும் இவ்வகைப் பொருளின் வியத்தகு இயல்பை முதன்முதல் கண்டார். மின்னழுத்தத்திற்கேற்ப இத்திரவப் படிகம் ஒளிக்கு வழிவிடுகிறது, அல்லது வழியடைக்கிறது. ஆகவே திரை கருமையாக இருக்கும்போதும் விளக்கு அணைந்துவிடவில்லை. பின்னே அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. முன்னே கதவு மட்டும் சாத்தப்பட்டிருக்கிறது.

எந்தக் கதவும் முழுமையாகச் சாத்தப்படுவதில்லை. வழக்கமான நல்ல திரைகளிலும், வெண்மையின் ஒளியில் ஏறத்தாழ 1000-இல் 1 பங்கு கருமையிலும் ஊடுருவி வருகிறது. பகலில் அதை நம் கண் உணராது. இருட்டறையில் கண்ணின் நுண்ணுணர்வு படிப்படியாகப் பெருகுகிறது. அரைமணி நேரம் சென்றால் மிக மங்கிய ஒளியும் தெளிவாகப் புலப்படும். எனவே இரவில் மட்டும் தோன்றும் அந்த வெளிறல், திரை புதிதாகச் செய்த பிழையன்று. இருட்டில் விழித்த கண்ணின் திறனும் அதில் சேர்ந்திருக்கிறது.

இருவகை ஒளி

இவ்வொளி இருவகைப்படும். முதலாவது, பார்க்கும் கோணத்தைப் பொறுத்த மினுக்கம். ஐ.பி.எஸ். என்னும் வகைத் திரைகள் எப்பக்கமிருந்து நோக்கினும் வண்ணம் மாறாதிருக்க வடிவமைக்கப்பட்டவை. அந்நன்மைக்கு ஈடாக, சாய்வாக நோக்கும்போது அவற்றின் மூலைகளில் ஒரு வெளிறல் தோன்றும். தலையைச் சற்றே நகர்த்தினால் அதுவும் நகரும், மங்கும். இது அவ்வகைத் திரையின் இயல்பு. டேப்லெட்டை மாற்றினாலும், மாற்றி வரும் டேப்லெட்டில் இதுவே இருக்கும்.

இரண்டாவது, உண்மையான கசிவு. திரையைப் பற்றியிருக்கும் சட்டம் ஓரிடத்தில் மிகுதியாக அழுத்தினாலோ, உள்ளடுக்குகள் சீராகப் பொருந்தாவிட்டாலோ, அவ்விடத்தில் ஒளி வழிந்தோடும். எக்கோணத்தில் நோக்கினும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். இக்கசிவிலும் அளவு வேறுபாடு உண்டு. மயிரிழைபோல் ஓரத்தில் தெரிவது ஒன்று. திரையின் உள்வரை திட்டாகப் படர்வது மற்றொன்று.

விலையுயர்ந்த கருவிகளுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 2011-ஆம் ஆண்டு ஐபேட் 2 வெளிவந்தபோது, திரையோரங்களில் ஒளி கசிவதாக வாங்கியோர் பலர் முறையிட்டனர். 2021-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில் 10,000-க்கும் மேற்பட்ட நுண்விளக்குகளை 2,596 பகுதிகளாகப் பிரித்து, கருமை வேண்டிய பகுதியில் விளக்கையே மங்கச் செய்தனர். அப்போதும் கரும்பின்னணியில் வெண்ணெழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகக் குறை கூறினர். ஓ.எல்.இ.டி. என்னும் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னொளியும் இல்லை, அதன் கசிவும் இல்லை. ஆனால் அவற்றின் விலை மிகுதி. மேலும், அசையாத ஒரே உருவத்தை நெடுநாள் காட்டினால் அதன் தழும்பு திரையில் பதியக்கூடும். குறையே இல்லாத கருவி மனிதர் கையால் இன்னும் செய்யப்படவில்லை.

சோதிப்பது எவ்வாறு?

டேப்லெட் வாங்கிய முதல் நாளிலேயே சோதித்தல் நலம். மாற்றித் தரும் காலக்கெடு பெரும்பாலும் சில நாள்களே. ரசீதிலோ கடையின் விதிகளிலோ அது குறிக்கப்பட்டிருக்கும். முதலில் அறையில் வழக்கமான விளக்கை எரியவிட்டு, நீங்கள் அன்றாடம் வைக்கும் பிரகாச அளவிலேயே பாடநூல் பக்கம் ஒன்றையும் திரைப்படக் காட்சி ஒன்றையும் பாருங்கள். ஒளித்திட்டு கண்ணை உறுத்துகிறதா? பிறகு விளக்கணைத்து, முழுக் கருமையான படமொன்றைத் திரையில் நிறுத்தி, நேராக அமர்ந்து நோக்குங்கள். தலையை இடமும் வலமும் அசையுங்கள். நகரும் ஒளி இயல்பு; நிலைத்த ஒளி கசிவு.

கைப்பேசியால் படமெடுத்து அதைக் கொண்டு தீர்ப்பிட வேண்டாம். இருட்டில் கைப்பேசியின் கேமரா தன் விழியை நெடுநேரம் திறந்து வைத்து ஒளியைப் பெருக்கிக் காட்டும். கடுகு அங்கே மலையாகும். திரையோரத்தை விரலால் அழுத்தியோ கருவியை முறுக்கியோ சரிசெய்ய முயலவும் வேண்டாம். கண்ணாடி உடைவதோடு உத்தரவாதமும் போகும்.

வழக்கமான விளக்கொளியில், வழக்கமான பிரகாசத்தில், எழுத்தையோ முகத்தையோ மறைக்கும் அளவிற்குத் திட்டு தெரிந்தால், அது பழுதே. தயங்காது மாற்றித் தரக் கேளுங்கள். முழு இருட்டிலும் முழுப் பிரகாசத்திலும் மட்டுமே தெரிந்தால், அதை மறந்துவிடுங்கள். அவ்வொளியால் கண் கெடும் என்னும் அச்சமும் வேண்டாம். வெண்பக்கத்தின் ஒளியோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். மாறாக, இருட்டறையில் நள்ளிரவு வரை முழுப் பிரகாசத்தில் திரையை நோக்கும் பழக்கமே உறக்கத்தைக் கெடுக்கிறது. பெற்றோர் கவலைகொள்ள வேண்டியது மூலையில் கசியும் ஒளியைப் பற்றியன்று, நடுவில் வீசும் ஒளியைப் பற்றி.

ஓர் எச்சரிக்கையை மறவாது கூறவேண்டும். சில காலம் நன்றாக இருந்த திரையில் திடீரென வெண்திட்டு தோன்றி, நாளுக்கு நாள் அது பெருகினால், கருவியின் முதுகையும் ஓரங்களையும் பாருங்கள். மூடி உப்பியிருந்தாலோ, திரை சட்டத்திலிருந்து எழும்பியிருந்தாலோ, உள்ளிருக்கும் பேட்டரி வீங்கி, பின்னிருந்து திரையைத் தள்ளுகிறது என்று பொருள். அது தீப்பற்றவும் கூடும். உடனே அணைத்துவிடுங்கள், மீண்டும் சார்ஜ் ஏற்றாதீர்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழுதுபார்க்கும் நிலையத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.

நீதி இருபுறமும்

வாங்கிய பொருளில் உண்மைப் பழுது இருந்தால், அதைக் கேட்பது பேராசையாகாது. அது நம் உரிமை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவ்வுரிமையைக் காக்கிறது. கடைக்காரர் செவிசாய்க்காவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

13-ஆம் நூற்றாண்டிலேயே புனித அக்குவினா தோமா தமது 'இறையியல் தொகுப்பு' என்னும் நூலில் வாணிபத்தின் நீதியை ஆராய்ந்துள்ளார். வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ தரும் மறைந்த குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்பது அவர் முடிவு. ஒற்றைக் கண் குதிரைபோல் குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருப்பின் அக்கடமை இல்லை என்கிறார். அறியாமல் விற்றவரும், அறிந்தபின் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். அதே வேளையில் விற்பவரின் அறியாமையால் வாங்குபவர் ஆதாயம் அடைவதையும் அவர் அநீதி என்றே கண்டிக்கிறார். நீதி ஒருவழிப் பாதையன்று. பைக்குள் திணித்து நாமே வளைத்த திரையை, "வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று திருப்பித் தருவது பொய். அது எட்டாம் கட்டளையை மட்டுமன்று, ஏழாம் கட்டளையையும் தொடும்.

மனத்தில் உறுத்தும் சிறுகல்

நாம் அறிந்த இல்லம் ஒன்றில், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் இதே காரணத்திற்காக டேப்லெட்டை இருமுறை மாற்றினான். மூன்றாவதிலும் வேறொரு மூலையில் ஒளி தெரிந்தது. மீண்டும் மாற்றப் புறப்பட்டவனை அவன் தாய் தடுத்து, "ஏம்பா, நீ பாடம் படிக்க வாங்கினாயா, இருட்டைப் படிக்க வாங்கினாயா?" என்று கேட்டாராம். கல்லாத அன்னையின் அவ்வினாவில் ஞானநூல் ஒன்றின் சாரமே அடங்கியிருக்கிறது.

ஆன்ம வாழ்விலும் இத்தகைய நோய் உண்டு. பாவமல்லாததைப் பாவமென அஞ்சி, அறிக்கையிட்டதையே மீண்டும் மீண்டும் அறிக்கையிடும் அந்த அமைதியின்மைக்கு இலத்தீன் மொழியில் வழங்கும் பெயரின் பொருள், கூரிய சிறுகல் என்பதாகும். செருப்புக்குள் புகுந்த பரல்போல் அது அடிதோறும் உறுத்தும். லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில் இவ்வேதனையைக் கடுமையாக அனுபவித்தவர். 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் அவர் தரும் அறிவுரை யாதெனில், பகைவன் மழுங்கிய மனச்சான்றை மேலும் மழுங்கச் செய்வான், நுண்ணிய மனச்சான்றை அளவுகடந்து நுண்மையாக்குவான். ஆகவே அவன் இழுக்கும் திசைக்கு எதிராக நகர்ந்து நடுநிலையில் நில்லுங்கள் என்பதே.

பொருள்களை நோக்கும் கண்ணுக்கும் இவ்விதி பொருந்தும். எதையும் பாராமல் வாங்கி ஏமாறுவோர் சற்று உற்றுநோக்கப் பழக வேண்டும். எதிலும் மாசு தேடி உறக்கமிழப்போர் சற்றுக் கண்ணை மூடப் பழக வேண்டும். சிறு வெளிறலுக்காகத் திருப்பி அனுப்பப்படும் கருவி காற்றில் கரைந்துவிடுவதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு குவிந்ததென ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. வீசியெறியும் பண்பாட்டைக் குறித்து மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த எச்சரிக்கை நம் இல்லத்து மேசைக்கும் உரியது.

எனவே, அன்பர்களே, புதிய டேப்லெட்டை ஒருமுறை நேர்மையாகச் சோதியுங்கள். பழுதெனில் உரிய நாள்களுக்குள் உரிமையோடு கேளுங்கள். பழுதன்றெனில், அதை ஏற்றுக்கொண்டு, அது எதற்காக வாங்கப்பட்டதோ அதற்கே பயன்படுத்துங்கள். நம் பிள்ளைகள் இதை நம்மிடம் கண்டு கற்பார்கள். பொருளிடத்தில் முழுநிறைவை எதிர்பாராதவர்களே, குறையுள்ள மனிதரோடும் பொறுமையாக வாழ்வார்கள்.