சிறு வேடத்தின் வலிமை

திரைப்படம் கண்டு வீடு திரும்புவோர் கதைத் தலைவனையே வியந்து பேசுகின்றனர். அத்தலைவனது ஆற்றலை நமக்குப் புலப்படுத்துவோர் பெரும்பாலும் சிறு வேடம் பூண்டோரே என்பதை மறந்துவிடுகின்றோம். இதற்கு இத்தாலிய நடிகர் லியோபோல்டோ டிரியெஸ்டே தக்க சான்றாவார்.

1917-ஆம் ஆண்டு, இத்தாலியின் தென்கோடியிலுள்ள ரெஜ்ஜோ கலாப்ரியாவில் இவர் பிறந்தார். முதற்கண் இவர் நாடகாசிரியரேயன்றி நடிகரல்லர். இயக்குநர் பெல்லினி தம் 'வெள்ளை ஷேக்' (1952) என்னும் படத்தில் இவருக்குப் புதுமணக் கணவன் வேடம் அளித்தார். ரோமாபுரிக்கு அழைத்துவந்த மனைவி காணாமற்போகிறாள். அவள் நோயுற்றிருக்கிறாள் என்று உறவினரிடம் பொய் கூறும் கணவனின் வாய் முறுவலிக்க, கண்களோ அச்சத்தால் விரிகின்றன. மறு ஆண்டு வெளிவந்த 'இ விதெல்லோனி'யில், லியோபோல்டோ என்ற தம் பெயரையே தாங்கி, புகழுக்கு ஏங்கும் சிற்றூர் நாடகாசிரியனாக நடித்தார். தாம் செய்த தொழிலையே பிறர் நகைக்கக் காட்டுதல் எல்லோர்க்கும் எளிதன்று.

தொல்காப்பியர் எட்டென வகுத்த மெய்ப்பாடுகளுள் நகை வேறு, அச்சம் வேறு. இவர் முகத்திலோ அவ்விரண்டும் ஒருங்கே தோன்றும். 'காட்பாதர்' இரண்டாம் பாகத்தில் (1974) இவர் நியூயார்க் நகரத்து வீட்டுக்காரர். கைம்பெண் ஒருத்தியை வீட்டினின்று வெளியேற்ற முனைகிறார். அவளுக்காகப் பரிந்து பேசும் இளைஞன் வீட்டோவை மதியாது சினக்கிறார். பின்னர், அவன் யாரென விசாரித்தறிந்து ஓடிவந்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறார், வாடகையையும் குறைக்கிறார், இறுதியில் கதவைத் திறந்து வெளியேறவும் மாட்டாது தடுமாறுகிறார். வீட்டோ குரலை உயர்த்தினானல்லன், கையை ஓங்கினானுமல்லன். அவனது வலிமையை நாம் அறிவது இவ்வீட்டுக்காரரின் நடுக்கத்தினாலன்றோ?

'சினிமா பாரடைஸோ' (1988) படத்தில் இவர் சிற்றூர்ப் பாதிரியார். படங்களை முன்னரே தனித்திருந்து பார்த்து, முத்தக் காட்சி வருந்தோறும் கைம்மணியை அடித்து அதனை வெட்டச் செய்கிறார். கண்டு நாம் நகைக்கின்றோம். ஆனால், வெட்டப்பட்ட அத்துண்டுகளே ஒன்றாய் இணைக்கப்பெற்றுப் பல்லாண்டுகட்குப் பின் கதைத் தலைவனைக் கண்கலங்கச் செய்கின்றன. அம்மணியோசை நம் நெஞ்சில் நில்லாதிருப்பின் அக்கண்ணீரின் பொருள் நமக்கு விளங்காது.

2003-ஆம் ஆண்டு டிரியெஸ்டே மறைந்தார். இவரது பெயரை அறியாதோரும் இவரது முகத்தை அறிவர். சிறு வேடம் ஏற்று அதனை நிறைவுறச் செய்த கலைஞர்க்கு அதனினும் சிறந்த பரிசில் வேறு யாது?