கடைசி சத்தம் கேட்கலைன்னா கதையே இல்லை

போன மாசம் நான் எட்டு நிமிஷத்துக்கு ஒரு சஸ்பென்ஸ் ஸ்கிரிப்ட் எழுதினேன். ராத்திரி, கரண்ட் இல்லை. மூணாவது மாடியில தனியா இருக்கிற ஒரு பொண்ணு பால்கனியில நின்னு அம்மாகிட்ட போன் பேசிட்டிருக்கா. அப்போ பால்கனிக் கதவை உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போடற சத்தம். கதை முடிஞ்சது.

எழுதி முடிச்சதும் எனக்கே முதுகு சிலிர்த்தது. ரெக்கார்ட் பண்ணி பத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். வந்த முதல் பதில்: "செம்ம. ஆனா ஃபைல் பாதியிலயே கட் ஆயிடுச்சு, திரும்ப அனுப்பு." இன்னொருத்தர், "கடைசியில கரண்ட் வந்துடுச்சா? ஸ்விட்ச் போடற சத்தம் கேட்டுதே" என்றார். மூணாவது ஆள், "அம்மா போலீஸுக்கு போன் பண்ற மாதிரி முடி" என்று யோசனையே சொல்லிட்டார்.

எனக்குச் சரியான கோபம். "சஸ்பென்ஸ்னா அப்படித்தான், நீங்கதான் யோசிக்கணும்" என்று எல்லாருக்கும் பதில் போட்டேன். என் நெருங்கிய தோழியோட ரெண்டு நாள் பேசவே இல்லை.

அப்போதான் ஒரு பழைய அமெரிக்க ரேடியோ நாடகம் ஞாபகம் வந்தது. லூசில் ஃப்ளெட்சர் எழுதின 'சாரி, ராங் நம்பர்'. சிபிஎஸ் ரேடியோவோட 'சஸ்பென்ஸ்' தொடர்ல 1943 மே 25 அன்று வந்தது. அரை மணி நேரம், நேரடி ஒலிபரப்பு. முக்கியக் குரல் ஆக்னஸ் மூர்ஹெட். (முடிவைச் சொல்லப் போறேன். கேட்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு நாடகத்தைக் கேட்டுட்டு வாங்க.)

படுக்கையில இருக்கிற ஒரு பெண்மணி கணவனோட ஆபீஸுக்கு போன் பண்றாங்க. லைன் மாறி, ரெண்டு ஆண்கள் ஒரு கொலைக்குத் திட்டம் போடறது காதுல விழுது. ராத்திரி 11:15 மணிக்குப் பாலத்து மேல ரயில் போகும், அலறினாலும் வெளியில கேட்காது என்கிறது திட்டம். ஆபரேட்டர், போலீஸ்னு எல்லாருக்கும் போன் பண்றாங்க. யாரும் பெரிசா எடுத்துக்கலை. சாகப் போறது தான்தான் என்று அவங்களுக்குத் தெரியும்போது நேரம் முடிஞ்சிருக்கு. கடைசியில போலீஸ் லைன்ல வருது. போனை எடுக்கிறது கொலைகாரன். ராங் நம்பர்னு சொல்லிடறான்.

அந்த முதல் ஒலிபரப்புல, முடிவுல வர்ற ஒரு வசனம் நேரம் தவறி வந்துடுச்சு. அரை மணி நேரம் மூச்சைப் பிடிச்சுக் கேட்டவங்களுக்கு என்ன நடந்துதுன்னே தெரியலை. முடிவு என்னன்னு கேட்டு நிறைய பேர் விசாரிச்சாங்க. அடுத்த வாரம் நிகழ்ச்சியிலேயே விளக்கம் கொடுத்து, நாடகத்தைத் திரும்பப் போடறதா அறிவிச்சாங்க. ஆகஸ்ட் 21 அன்று மறுபடியும் ஒலிபரப்பினாங்க. 'நீங்க யோசிங்க' என்று கேட்டவங்களை விரட்டலை.

இதுல எனக்கு உறைச்சது இதுதான். கொலைகாரன் யாருன்னு சொல்லாம விடறது சஸ்பென்ஸ். என்ன சத்தம் கேட்டுதுன்னே புரியாம விடறது என் தப்பு. புத்தகம்னா ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கலாம். பஸ்ல தொங்கிட்டே இயர்போன்ல கேட்கிறவர் ரீவைண்ட் பண்ண மாட்டார்.

ஃப்ளெட்சர் அந்த ரயிலைப் பத்தி ஆரம்பத்திலேயே பேச வெச்சுடறார். அதனால கடைசியில ரயில் சத்தம் வரும்போது யாரும் விளக்க வேண்டியதில்லை. என் தாழ்ப்பாளோ கடைசி நொடியிலதான் முதல் முறையா ஒலிச்சது. கேட்டவங்களுக்கு அது வெறும் 'டக்'.

ஸ்கிரிப்டைத் திரும்ப எடுத்தேன். முடிவுல கை வைக்கலை, போலீஸையும் கூப்பிடலை. ஆரம்பத்துல அந்தப் பொண்ணு பால்கனிக்கு வரும்போது துருப்பிடிச்ச தாழ்ப்பாளோட மல்லுக்கட்டறா. 'கிரீச்... டக்'. "இதுக்கு எண்ணெய் விடணும்மா" என்று போன்ல புலம்பறா. கடைசியில அதே 'கிரீச்... டக்'.

இந்தத் தடவை புதுசா அஞ்சு பேருக்கு அனுப்பினேன். "பிடிச்சுதா?" என்று கேட்கலை. "கடைசியில என்ன சத்தம் கேட்டுது?" என்று மட்டும் கேட்டேன். நாலு பேர் தாழ்ப்பாள்னு சொன்னாங்க. தோழிகிட்ட மன்னிப்பு கேட்டு அவளுக்கும் அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது: "எருமை, இப்போ பால்கனியில துணி எடுக்கவே பயமா இருக்கு."

நீங்களும் ஆடியோவுக்கு எழுதறீங்கன்னா, கேட்கிறவங்ககிட்ட முதல்ல அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.