சாலை விலகிப்போன ஊர்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு, அந்த நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர் ஒன்று கீழே தெற்குச் சரிவில் இருப்பது தெரியாது. அதன் பெயர் வெள்ளகவி. வட்டக்கானலில் வண்டியை விட்டு இறங்கி, டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி, வேர்களும் கற்களும் புடைத்த ஒற்றையடித் தடத்தில் சில மணி நேரம் இறங்கினால் ஊர் வரும். அதே தடத்தில் மேலும் இறங்கினால் கும்பக்கரை அருவி, அப்புறம் பெரியகுளம். கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே, இரண்டுக்கும் எட்டாமல் நிற்கிறது வெள்ளகவி.

"காலம் தொடாத கிராமம்" என்று இதைப் படமெடுத்துப் போடுகிறவர்கள் சொல்கிறார்கள். அது சரியல்ல என்பது என் எண்ணம். இந்த ஊரைக் காலம் நன்றாகவே தொட்டது, தொட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

1821ஆம் ஆண்டு, லெப்டினன்ட் பி. எஸ். வார்டு என்ற நில அளவையாளர் பழனி மலையை அளக்க வந்தபோது முகாம் போட்டுத் தங்கியது வெள்ளகவியில்தான். அப்போது அது மலைவாழ் மக்களான குன்னுவர்களின் ஊர். இங்கிருந்து ஏறித்தான் அவர் இன்றைய கொடைக்கானல் இருக்கும் மேட்டுநிலத்தை எட்டினார். அங்கே ஏரியும் இல்லை, பங்களாவும் இல்லை. பிறகு 1845இல், சமவெளியின் வெக்கையிலும் நோயிலும் குடும்பத்தினரைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் மேலே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் நீரோடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். நகரம் மேலே வளர்ந்தது. அதற்கு ஏறும் பழைய தடங்களோ இந்தப் பெரியகுளம் பக்கத்துச் சரிவில்தான் இருந்தன.

ஏறியது யார் காலால் என்பதையும் சொல்ல வேண்டும். 1875இல் ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்கிய துரைமார்கள் இரவெல்லாம் மாட்டுவண்டியில் வந்து மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைவார்கள். விடிந்ததும் டோலியிலும் நாற்காலியிலும் அமர்த்தி, கூலியாட்கள் தோளில் சுமந்து மேலேற்றுவார்கள். கோடைக்குக் குளிர்ச்சி தேடிப் போன குடும்பங்கள், அவர்களுடைய குழந்தைகள், பெட்டிகள், பாத்திரங்கள் எல்லாம் இந்த மலைக்கு மனிதத் தோளில் ஏறியவையே. அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் முறையாக எழுதப்படவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில், வத்தலக்குண்டு பக்கமிருந்து மலைச்சாலை பொதுமக்களுக்குத் திறந்தது. மோட்டார் வண்டி நேராகக் கொடைக்கானலுக்குப் போயிற்று. அதோடு தெற்குச் சரிவுத் தடங்களின் தேவை தீர்ந்துவிட்டது, டோலித் தொழிலும் நின்றது. நல்லதுதான், மனிதன் மனிதனைச் சுமப்பது நிற்க வேண்டியதே. ஆனால் தடத்தில் ஆள் நடமாட்டம் குறைந்தபோது தடமோர ஊரும் மறக்கப்பட்டது. பிற்காலத்தில் பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக இன்னொரு மலைச்சாலையும் வந்தது. அதுவும் வெள்ளகவியைத் தொடவில்லை.

அதற்குப் பிறகும் இந்தச் சரிவில் டோலி ஒழியவில்லை. சுமக்கப்படுகிறவர்தான் மாறிவிட்டார். பிரசவ வலி கண்ட பெண்ணையும், காய்ச்சல் முற்றிய கிழவரையும், மரத்திலிருந்து விழுந்தவரையும் கம்பில் போர்வையைக் கட்டி, ஊர் இளைஞர்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்துத் தூக்கி வருகிறார்கள். இதே வெள்ளகவி ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் மக்களின் பாடு இன்னும் மோசம். அவர்கள் பெரியகுளம் பக்கம் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் இடையில் காட்டாறு குறுக்கே நிற்கும். வெள்ளம் வடியும்வரை நோயாளியோடு கரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இந்தச் செய்திகள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகின்றன, ஒரு நாள் பேசப்படுகின்றன, அவ்வளவுதான். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆரோக்கியமானவர்கள் குளிர்காற்றுக்காகச் சுமக்கப்பட்ட மலையில், இன்று நோயாளிகள் உயிருக்காகச் சுமக்கப்படுகிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஊருக்குள் போனால் கண்ணில் முதலில் படுவது நெருக்கம். மேடும் பள்ளமுமான இடத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன, இடையிடையே கோயில்கள். தெய்வங்கள் உறையும் மண் என்று ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வெளியூர்க்காரரும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வழக்கம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

விளைச்சல் மாறிவிட்டது. பழனி மலை ஊர்களில் முன்பு கேழ்வரகும் சாமையும் வயிற்றுக்கு விளைந்தன. இப்போது வெள்ளகவியைச் சுற்றிலும் காபி, மிளகு, பட்டர் புரூட், எலுமிச்சை, பலா. கீழ்ப்பழனி மலைக்கு ஒரு காலத்தில் பெயர் வாங்கித் தந்த கமலா ஆரஞ்சு நோய் தாக்கிப் பெரும்பகுதி அழிந்தது. மிச்சம் அங்கங்கே நிற்கிறது. எல்லாமே பணப்பயிர், எல்லாமே சந்தைக்குப் போகவேண்டியவை. வயிற்றுக்கு விளைவித்த காலத்தில் சாலை இல்லாதது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. சந்தைக்கு விளைவிக்கும்போது அதுவே பெரிய நஷ்டம். பறித்த காபியும் பழமும் குதிரை முதுகில் இறங்க வேண்டும், வாடகை விவசாயியின் கணக்கில் கழியும். அரிசி, எண்ணெய், சிமென்ட் மூட்டை, கம்பி எல்லாம் அதே குதிரையில் ஏற வேண்டும், வாடகை அவர் கணக்கிலேயே மறுபடி ஏறும். விற்கும்போதும் இழப்பு, வாங்கும்போதும் இழப்பு. பட்டர் புரூட் பழுத்துவிட்டால் காத்திருக்காது என்பதால், வியாபாரி சொன்னதே விலை.

தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரையில்தான் வருகிறது. அதிகாரிகள் கூடவே நடந்து வருவதைத் தொலைக்காட்சிகள் பெருமையாகக் காட்டுகின்றன. ஒரு ஓட்டையும் விட்டுவிடக்கூடாது என்ற அக்கறை மதிக்கத்தக்கது. அதே அக்கறை பேறுகாலத்துப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டாமா?

பிள்ளைகள் தொடக்கப் பள்ளியை முடித்ததும் வெளியூர் விடுதிக்கோ உறவினர் வீட்டுக்கோ போகிறார்கள். படித்துத் திரும்புகிறவர் குறைவு. வேலை, திருமணம் என்று இளையவர்கள் சமவெளியில் தங்கிவிட, தோட்டத்தைப் பார்க்க மூத்தவர்கள் ஊரிலிருக்கிறார்கள். டோலிக்குத் தோள் கொடுக்க வேண்டியவர்களும் அந்த இளைஞர்களே என்பதை நினைத்தால், இந்த மாற்றத்தின் ஆபத்து விளங்கும்.

சாலை கேட்டு மக்கள் மனுக் கொடுத்த ஆண்டுகள் மிகப் பல. காடு என்பதே பெரும்பாலும் பதில். காட்டைக் காக்கத்தான் வேண்டும். காட்டெருமையும் யானையும் உலவும் இந்தச் சோலைகளும் சரிவுகளும் 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதி. அகலச் சாலை போட்டு, அதன் பின்னாலேயே விடுதிகளும் ரிசார்ட்டுகளும் வந்து ஊர் விலைபோவதை நானும் விரும்பவில்லை. வட்டக்கானலுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் புரியும். ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்ற தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, கிராம சபையின் பரிந்துரையோடு பயன்படுத்தலாம். ஒரு ஹெக்டேருக்குள் முழுச் சாலை அடங்காது. தடத்தில் இடிந்த இடங்களைக் கட்டலாம், சின்னூர் பெரியூர் மக்கள் கடக்கும் ஆற்றுக்குப் பாலம் போடலாம், மருந்தோடு செவிலியர் ஒருவர் ஊரிலேயே தங்க ஒரு கட்டிடம் எழுப்பலாம். இவற்றுக்குப் பெரிய சாலைக்கான அனுமதி வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. கிராம சபை கூடித் தீர்மானம் போட்டதும், மாவட்ட நிர்வாகம் அதை வனத்துறையின் மேசைவரை விடாமல் கொண்டுபோக வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் தொடங்கினால் ஆற்றுப் பாலமாவது எழும்பிவிடும்.