வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் விருந்தினர்கள்



மத்திய அமெரிக்காவின் சிறிய நாடு எல் சால்வதோர். அதன் பன்னாட்டு விமான நிலையம் இன்று பேராயர் ஆஸ்கர் ரொமேரோவின் பெயரைத் தாங்கியுள்ளது. 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட அவரை, 2018 அக்டோபர் 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். அதே 1980 டிசம்பர் 2 அன்று, இந்த விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட மூன்று அருட்சகோதரிகளும், ஜீன் டோனவன் என்ற பொதுநிலை மறைப்பணியாளரும் வழியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏழைகளுக்குப் பணி செய்ய வந்தவர்கள் அவர்கள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பங்குகளிலிருந்து வீடு கட்டும் பணிக்காக இளைஞர்களும் பெரியவர்களும் குழுவாக வந்து இறங்குவதும் இதே இடத்தில்தான். வந்து இறங்கும் அந்த முதல் நாளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

2001 ஜனவரி 13, பிப்ரவரி 13 ஆகிய நாட்களில் அந்நாட்டை இரண்டு பெரும் நிலநடுக்கங்கள் உலுக்கின. 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தன. அவற்றுள் பல, சுடாத மண்கல்லால் கட்டிய ஏழைகளின் வீடுகள். மண்கல் சுவர் கனமானது. நிலம் ஆடும்போது வளைந்து கொடுக்காமல் பிளந்து சரியும். இதனால், உள்ளீடற்ற சிமெண்ட் கற்களை அடுக்கி, அவற்றின் துளைகள் வழியாக அஸ்திவாரத்திலிருந்தே இரும்புக் கம்பிகளை நிறுத்தி, கான்கிரீட் நிரப்பிக் கட்டும் முறை அங்கே கையாளப்படுகிறது. நிலம் ஆடினாலும் சுவர் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

வந்திறங்கிய குழுவினர் இந்த வேலையில் யார்? ஊரில் அவர்கள் ஆசிரியராகவோ பொறியாளராகவோ இருக்கலாம், இங்கே சித்தாள்கள். மண் சலிப்பது, கலவை குழைப்பது, கல் சுமப்பது, கம்பி கட்டுவது அவர்கள் வேலை. தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் உள்ளூர் கொத்தனாரின் கையில் இருக்கும். அவர் "அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டு" என்றால் கட்டத்தான் வேண்டும். தளர்வாகக் கட்டிய ஒரு கம்பிக்கான விலையை, அடுத்த நிலநடுக்கத்தில் அந்தக் குடும்பம்தான் கொடுக்கும்.

வீட்டுக்குரிய குடும்பமும் சும்மா இருப்பதில்லை. 1976-ல் மில்லார்ட், லிண்டா ஃபுல்லர் தம்பதியர் தொடங்கிய 'ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி' என்ற கிறிஸ்தவ அமைப்பின் வழக்கப்படி, குடும்பத்தினர் தங்கள் உழைப்பையும் பங்காகத் தருவார்கள். வீட்டின் செலவை எளிய தவணைகளில் திருப்பிச் செலுத்துவார்கள். எனவே அது பிச்சையாக வந்த வீடு அல்ல, அவர்களது சொந்த வீடு.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. இத்தனை பேரின் விமானக் கட்டணத்தை அப்படியே அனுப்பியிருந்தால் இன்னும் சில வீடுகள் எழுந்திருக்குமே? 1968-ல் மெக்சிகோவில் இவான் இல்லிச் என்ற அருட்பணியாளர், இத்தகைய மாணவத் தொண்டர்களைப் பார்த்து, உதவி செய்ய என்று வராதீர்கள் என முகத்துக்கு நேராகச் சொன்னார். வாருங்கள், பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் அழைப்பு. அவரது கோபத்தில் உண்மை இருக்கிறது. வீட்டின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பணத்தை அனுப்புவதே மேல்.

ஆனால் லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவர் சீடர்களை இருவர் இருவராக அனுப்பும்போது பணமும் பையும் இல்லாமல் அனுப்புகிறார். நுழையும் வீட்டுக்கு முதலில் அமைதியை வாழ்த்தச் சொல்கிறார். அங்கே கொடுப்பதை உண்ணச் சொல்கிறார். நோயாளிகளைக் குணமாக்கும் கட்டளை அதற்குப் பிறகே வருகிறது! உண்பது முதலில், உதவுவது பிறகு. கொடுக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொள்ளக் கற்க வேண்டும்.

வேலை நடுவே அந்த வீட்டுத் தாய் புபூசா சுட்டுக் கொண்டுவருகிறார். மக்காச்சோள மாவுக்குள் பயறும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தட்டிய ரொட்டி அது. கையோடு கொண்டுவந்த பிஸ்கட்டே போதும் என்று விலகுகிறவர், அந்தத் தாயிடமிருந்து விருந்தோம்பும் உரிமையைப் பறிக்கிறார். தரையில் அமர்ந்து உண்கிறவர் அவரைத் தமக்குச் சமமானவராக ஏற்கிறார். இது பணத்தோடு அனுப்ப முடியாதது.

2004 சுனாமிக்குப் பின் நம் கடற்கரைக்கும் வெளிநாட்டினர் வீடு கட்ட வந்தார்கள். பெற்றுக்கொள்ளும் இடத்தில் நாமும் நின்றிருக்கிறோம். ஆகவே நம்மையே கேட்போம்: அடுத்த தெருவின் ஏழை வீட்டுக்கு அரிசிப் பையோடு போகும் நாம், அங்கே ஒரு டம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடித்திருக்கிறோமா?

ஆண்டவரே, கொடுக்கும் எங்கள் கைகளுக்குப் பெற்றுக்கொள்ளும் தாழ்ச்சியையும் தாரும். ஆமென்.