கேமரா பார்க்குது சரி, சைரனை யார் அடிக்கிறது?

எங்க அப்புச்சியும் அம்மிச்சியும் காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில்தான் இருக்காங்க. பக்கத்து வீட்டுக்குப் போகணும்னா ரெண்டு காடு தாண்டணும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூணு பேர் கொலை செய்யப்பட்டாங்க. 2025ல் சிவகிரி பக்கம் தனியா இருந்த வயசான தம்பதி. அதுக்கப்புறம் எங்க சாளையிலயும் கேமரா ஏறிச்சு. ஆனா கேமரா பதிவு பண்ணும், அவ்வளவுதான். நாம அதைப் பார்க்கிறது எல்லாம் முடிஞ்ச பிறகு.

அசைவு தெரிஞ்ச அந்த நொடியே சைரன் அடிக்கணும். அதுக்கு ஒரு ராஸ்பெர்ரி பை, லினக்ஸில் ஓடுற ‘மோஷன்’ங்கிற இலவச மென்பொருள், ஒரு ரிலே போதும்.

மோஷன் செய்யுறது எளிய வேலை. முந்தைய படத்தோட இந்தப் படத்தை ஒப்பிட்டு, எத்தனை பிக்சல் மாறுச்சுன்னு எண்ணும். அது கொடுத்து வைக்கிற வரம்பு 1500. 640க்கு 480 படத்தில் மொத்தம் 3,07,200 பிக்சல். 1500ன்னா அரை சதவீதம்கூட இல்ல. வரம்பு தாண்டினா நாம சொன்ன ஸ்கிரிப்ட்டை ஓட்டும்.

அலாரம் பேனலுக்கு வீடியோவெல்லாம் புரியாது. கதவுல இருக்கிற காந்த சென்சார் மாதிரி, ஒயர் சுற்று மூடியிருக்கா, திறந்திருக்கான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். அதனால ரிலேயோட காண்டாக்டை பேனலின் ஒரு ஸோனில் கோத்துடுங்க. சும்மா இருக்கும்போது ரிலே இழுத்துப் பிடிச்சு சுற்றை மூடி வைக்கணும். அசைவு வந்தா விடணும். ஏன் தலைகீழா? யாராவது ஒயரை வெட்டினாலும், பை அணைஞ்சாலும் சுற்று திறந்து சைரன் அடிக்கும். சைரனை நேரா பையோட பின்னில் மாட்டிடாதீங்க, 3.3 வோல்ட் பின் கருகிடும்.

இனிதான் தலைவலி. ஆடிக் காத்துல தென்னை மட்டை ஆடாம நிக்குமா? பொய் அலாரம்கூடப் பரவாயில்ல. மோஷன், அசைவு நின்னு 60 நொடி ஆகுற வரைக்கும் எல்லாத்தையும் ஒரே நிகழ்வாத்தான் கணக்கு வைக்கும். மட்டை விடாம ஆடினா அந்த நிகழ்வு முடியவே முடியாது. நடுவுல ஆள் வந்தாலும் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடாது! இதை நான் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆச்சு. தென்னை, மாட்டுக் கட்டுத்தறி ரெண்டையும் மாஸ்க் போட்டு மறைச்சேன். இரவு வெளிச்சத்துக்கு வர்ற பூச்சியும், லென்ஸ்ல கூடு கட்டுற சிலந்தியும் தனிக் கதை. அதுக்குத்தான் உடல் சூட்டை உணர்ற பிஐஆர் சென்சார் ஒண்ணையும் சேர்த்து, ரெண்டும் பத்து நொடிக்குள்ள சொன்னா மட்டும் அடின்னு எழுதியிருக்கேன்.

பேனலுக்குள்ள பேட்டரி இருக்கும். கேமராவுக்கும் பைக்கும்? ஃபியூஸைப் புடுங்கிட்டு வர்றவனுக்கு நம்ம கோடிங் எல்லாம் பெரிய விஷயமில்ல. சின்ன யூபிஎஸ் கட்டாயம். சைரன் ரெண்டு காடு தாண்டிக் கேட்குமாங்கிறதும் சந்தேகம்தான், அதனால ஜிஎஸ்எம் டயலர்ல பக்கத்துத் தோட்டத்து மாமா நம்பரைத்தான் முதல்ல போட்டிருக்கேன். என் நம்பர் ரெண்டாவது. நான் ஹாஸ்டல்ல தூங்கிட்டிருப்பேன்.