மிஞ்சிய 500 மீட்டர்

முடிச்சூரில் மனையோ வீடோ பார்க்க வருபவரிடம் தரகர் முதலில் காட்டுவது இருப்பதை அல்ல, வரப்போவதை. ரயில் நிலையம் வரும், பாலம் வரும், மெட்ரோ வரும் என்பார். அவை வரலாம். ஆனால் வராத காலம் முழுவதும் வங்கித் தவணை மாதந்தோறும் தவறாமல் வரும். அதனால் முன்பணம் கொடுக்குமுன் ஆதம்பாக்கத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் பாதை. நீளம் 5 கிலோமீட்டர்தான். 2008இல் வேலை தொடங்கியது. நாலரை கிலோமீட்டர் எழும்பிவிட்டது, ஆதம்பாக்கத்தில் 500 மீட்டர் மட்டும் நின்றுபோனது. பாதை போக வேண்டிய இடத்தில் வீடுகள் இருந்தன. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். குடியிருந்த வீட்டை இழப்பவர் வழக்குப் போட்டதில் குற்றமில்லை. நிலம் கைக்கு வருமுன்பே இருபுறமும் தூண் எழுப்பியதுதான் குற்றம். இடையில், 2014 ஜனவரி 1 அன்று புதிய நிலமெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து இழப்பீட்டுக் கணக்கே மாறியது. 495 கோடி ரூபாய்த் திட்டம் 734 கோடியானது. 2024 ஜனவரியிலும் வேலை முடியவில்லை. அந்த மாதம் கட்டிக்கொண்டிருந்த பாலப் பகுதி ஒன்று சரிந்து விழுந்தது. அரைக் கிலோமீட்டர் இல்லாததால் நாலரை கிலோமீட்டரில் அதுவரை ஒரு ரயிலும் ஓடவில்லை. ‘தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், மிச்சம் பத்து யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள்; 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். அன்று அங்கே ரயில் நிலையமும் இல்லை, அதற்கான நடைமேம்பாலமும் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் ஏறினார்கள். பெருங்களத்தூர் மேம்பாலத்தின் ஒரு கிளை வனத்துறை அனுமதிக்காக நின்றது.

தனியார் அடுக்குமாடியில் நிலம் கையில் இருக்கும், நாள் இருக்காது. ஒப்பந்தத்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் வேலை நடப்பதாகக் கணக்கு. முடிச்சூரிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தாழ்வான இந்த மண்ணில் அப்போது வானம் தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறும். மோட்டார் வைத்து இறைத்தாலும் மறுநாள் நிரம்பும். தீபாவளிக்கும் அதையடுத்த சத் பூஜைக்கும் ஊருக்குப் போகிற வடமாநிலத் தொழிலாளர்கள் உடனே திரும்புவதில்லை. சென்ட்ரிங் வேலை பாதியில் நிற்கும். ஆண்டுதோறும் நடப்பதுதான் இது, ஆனாலும் அட்டவணையில் இடம்பெறுவதில்லை.

சட்டம் துணைக்கு வராதா? வரும், ஓரளவுக்கு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ரெரா) சட்டப்படி, சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் விலகிப் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். விலகாதவருக்குத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி உண்டு. ஆனால் முடிச்சூர்க்காரர்கள் அதன் 6ஆம் பிரிவை நிறுத்திப் படிக்க வேண்டும். கட்டுநருக்குக் கூடுதல் காலம் தரக்கூடிய காரணங்களில் போர், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கத்தோடு வெள்ளமும் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் சேர, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கித் தெருவில் படகு ஓடியது. வெள்ளம் வரும் என்று ஊரே அறிந்த இடத்தில் வாங்கினாலும், வந்தபின் அது இயற்கைப் பேரிடர்தான். தாமதத்தின் சுமை உங்கள் தலையில் விழக்கூடும்.

ஆகவே விளம்பரத் தாளில் உள்ள தேதியை விடுங்கள். ரெரா இணையதளத்தில் கட்டுநர் பதிவுசெய்த முடிவுத் தேதியைப் பாருங்கள். பதிவுசெய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது, கேட்டால் கொடுக்காதீர்கள். மனையை ஏப்ரலில் பார்த்திருந்தால் நவம்பரில், மழை விட்ட மறுநாள் காலையில், இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.